மெல்லிய முடிக்கு ஃபினோ சரிப்படுமா? டோக்கியோவிலிருந்து ஒரு அனுபவம்

டோக்கியோவில் நம் ஆட்கள் நிறைய பேர் இருக்கும் நிஷி-கசாயில்தான் குடியிருக்கிறேன். ஊருக்குக் கிளம்புகிறேன் என்று தெரிந்தால் போதும், "அக்கா, அந்த ஃபினோ டப்பா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடும். ஃபினோ இங்கே கிடைக்கும் ஒரு ஹேர் மாஸ்க், அதாவது ஷாம்பு போட்டபின் முடியில் தடவி அலசும் க்ரீம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உன் முடி தடிப்பா, மெல்லிசா?

முடி கம்மியாக இருப்பது வேறு, இழை மெல்லிசாக இருப்பது வேறு. எனக்கு அடர்த்தி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு இழையும் மெல்லிசு. உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து விரல் நுனிகளுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். இருப்பதே தெரியவில்லை என்றால் நீங்களும் என் கட்சி. ஜப்பானியர் முடி சராசரியாக 0.08 மில்லிமீட்டர் தடிமன் என்பார்கள், நல்ல திடமான முடி. அதோடு இங்கே சாயம் போடுவதும் ப்ளீச் செய்வதும் சகஜம். கடைகளில் குவிந்திருக்கும் டப்பா மாஸ்க்குகள் அப்படிப்பட்ட தலைகளை மனதில் வைத்துச் செய்தவை. முடிமேல் வழுவழுப்பாகப் படியும் சிலிகோனும் எண்ணெய்ச் சத்தும் அவற்றில் தாராளமாக இருக்கும். தடித்த முடி அந்தப் பாரத்தைத் தாங்கும். நம்முடையது மண்டையோடு ஒட்டிப் படுத்துவிடும்.

முதலில் ஃபினோ பிரீமியம் டச் ஹேர் மாஸ்க். 230 கிராம் டப்பா, விலை ஆயிரம் யென்னை ஒட்டி இருக்கும். ராயல் ஜெல்லி, ஸ்குவாலேன், ட்ரெஹலோஸ் என்று ஏழு சத்துகள் சேர்த்திருக்கிறார்கள். முன்பு ஷிசெய்டோவிடம் இருந்தது, 2021-ல் அந்தப் பிரிவு கைமாறியபின் ஃபைன் டுடே என்ற பெயரில் வருகிறது. எனக்கு இது அருமையாக வேலை செய்கிறது, ஆனால் முழுத் தலைக்கும் அல்ல. ஷாம்பு போட்டு அலசியதும் முடியைத் துண்டால் ஒற்றி, தண்ணீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொள்கிறேன். ஈரம் அதிகமிருந்தால் மாஸ்க் வழுக்கிக்கொண்டு போய்விடும், முடியில் பிடிக்காது. சுண்டைக்காய் அளவு எடுத்து, இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளைத் தடமே தெரியாதபடி தேய்த்துக்கொண்டு, காதுக்குக் கீழே தொடங்கி நுனிவரை மட்டும் இழுத்து விடுகிறேன். அகலப் பல் சீப்பால் ஒரு தரம் சீவிவிட்டு அலசிவிடுவேன். உச்சந்தலைப் பக்கம் கையே போகாது. காய்ந்த பிறகு நுனியைப் பிடித்துப் பார்த்தால் சிக்கு இல்லை, பிளவுபட்ட நுனிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதில்லை, மேலே முடி எழும்பி நிற்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை போதும். இந்தக் கணக்கில் ஒரு டப்பா மாதக்கணக்கில் வரும்.

அதே ஃபைன் டுடேயிடம் இருக்கும் ட்சுபாகி மாஸ்க், அந்தத் தங்க நிற டப்பா, காத்திருக்கவே வேண்டாம் என்று விளம்பரம் செய்யப்படுவது. தடவியதும் அலசலாம் என்பது காலையில் வேலைக்கு ஓடுபவர்களுக்குப் பெரிய வசதி. வாசனை தூக்கல். பளபளப்பில் ஃபினோவைவிட ஒரு படி மேல். மெல்லிய முடிக்காரர்கள் இதை இன்னும் குறைவாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஷாம்பு விஷயத்துக்கு வருவோம். இங்கே பெரும்பாலான பிராண்டுகள் ஒரே பெயரில் இரண்டு வகை வைத்திருக்கும்: ஒன்று லேசாக, வழுவழுவென்று விழவைப்பது, இன்னொன்று ஈரப்பதம் கூடியது. வறண்ட முடி என்று நினைத்து நம்மவர்கள் கை நேராக இரண்டாவதற்குத்தான் போகிறது. நானும் அப்படி ஒரு ஈரப்பத செட்டை உபயோகித்துப் பார்த்தேன், பெயர் வேண்டாம். காலையில் குளித்தால் மதியம் மூன்று மணிக்கே எண்ணெய் வைத்த தலை மாதிரி வகிடு பிளந்து தெரிந்தது. போட்டானிஸ்ட் என்ற பிராண்டின் லேசான வகை, 'ஸ்மூத்' என்பது, அதுதான் எனக்கு ஒத்துக்கொண்டது. ஐ-நெ என்ற ஒசாகா நிறுவனம் 2015-ல் கொண்டுவந்தது. நுரை மெதுவானது, அலசியதும் வழவழப்பு மிச்சமில்லாமல் போய்விடுகிறது. ஜூனில் தொடங்கும் மழைக்காலத்தில், காற்றே ஈரத்துணியாக இருக்கும் நாட்களில்கூட, சாயங்காலம் வரை முடி அமுங்காமல் இருந்தது. ஷாம்புக்கு எனக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் வரிவரியாக மேடு இருப்பதையும் கவனியுங்கள். கண்டிஷனர் பாட்டிலில் அது இருக்காது. பார்வையற்றவர்கள் தொட்டுப் பிரித்தறிய காவோ நிறுவனம் 1991-ல் கொண்டுவந்த ஏற்பாடு, பிறகு மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டு தலை தேய்க்கும் எல்லோருக்கும் இது உதவுகிறது. இவ்வளவு அக்கறையான வடிவமைப்பு நம் ஊர் பாட்டில்களுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசியில் ஓர் எண்ணெய். ஓஷிமா ட்சுபாகி, 1927-ல் தொடங்கிய நிறுவனத்தினுடையது. கமேலியா என்ற பூச்செடியின் விதையிலிருந்து எடுத்த எண்ணெய், வேறெதுவும் கலப்பதில்லை. அதில் ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்புச் சத்து 80 சதவீதத்துக்கும் மேல். தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம்தான் பிரதானம், அது முடிக்குள்ளேயே இறங்கக்கூடியது. குளிரில் உறைந்தும் விடும். டோக்கியோ ஜனவரியில் என் தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாக இருக்கும், கமேலியா எண்ணெய் எப்போதும்போல் ஊற்றும். குளிர்கால வறண்ட காற்றில் ஸ்வெட்டரைக் கழற்றினாலே மெல்லிய முடி நாலாபக்கமும் பறக்கும், முகத்தில் ஒட்டும். அப்போது ஒரே ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் மட்டும் தடவினால் அடங்கிவிடுகிறது. இரண்டாவது சொட்டு என் முடிக்கு அதிகம். நல்லெண்ணெய்க் குளியல் பழகியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: தலைக்குக் குளிக்கும் முன் மண்டையில் தேய்த்து, சூடான ஈரத்துண்டைச் சுற்றிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஷாம்பு போடுவது. சீயக்காய் இல்லாமலே பிசுக்கு போகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டோக்கியோ குழாய்த் தண்ணீர் மென்மையானது, அதாவது உப்பு குறைந்தது. இதே ஷாம்புவையும் மாஸ்க்கையும் சென்னையில் போர் தண்ணீரில் போட்டபோது முடி கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இருந்தது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொண்டால் வித்தியாசம் கைக்கே தெரியும். வீடியோவில் பார்த்த பளபளப்பு வரவில்லையே என்று கவலைப்படுபவர்கள் பொருளை மாற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்.

ஜப்பான் வருபவர்களுக்கு: மருந்துக் கடைகளில் பெரிய பாட்டில் வரிசையின் ஓரத்தில் ஒரு நாள் உபயோகத்துக்கான சின்ன பாக்கெட்டுகள் தொங்கும், ஷாம்பும் கண்டிஷனர் மாதிரியான ட்ரீட்மென்ட்டும் ஜோடியாக. நாலைந்து வகை வாங்கி, தங்கும் அறையிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். குளித்தவுடன் எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிடுங்கள், சாயங்காலம் வகிட்டைப் பாருங்கள். பிடித்ததைப் பெரிய பாட்டிலாக வாங்காமல் ரீஃபில் பையாக வாங்கினால் விலையும் குறைவு, பெட்டியில் இடமும் மிச்சம்.