அழுகிய வேலிப்படி: பைனா, ஓக்கா, கிஸ்ஸிங் கேட்டா?

இங்கிலாந்தில் வயல்களின் ஊடே போகும் பொது நடைபாதைகளில், வேலியை ஏறித் தாண்டுவதற்கு வைத்த மரப்படியை 'ஸ்டைல்' என்பார்கள். இங்கே வேலிப்படி என்று வைத்துக்கொள்வோம். அது ஆட ஆரம்பித்துவிட்டால், சீர்செய்யப் போகும் தன்னார்வலர்களுக்கு மூன்று வழி: அழுகாமலிருக்க மருந்தேற்றிப் பதனிட்ட பைன் மரத்தில் புதுப்படி, ஓக்கில் புதுப்படி, இல்லையென்றால் படியையே எடுத்துவிட்டு கிஸ்ஸிங் கேட். வளைந்த இரும்புக் கூண்டுக்குள் ஒரு சின்னக் கதவு ஆடும். ஆள் நுழைந்து திரும்பி வெளியே போகலாம், மாடு போகாது. எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

பைன் மலிவு, ஓக் கண்ணுக்கு அழகு, இரும்புக்கு முதலில் காசு கூட. இதெல்லாம் தெரிந்த கதை. முடிவு செய்யவேண்டியது தரைமட்டத்தில் இருக்கும் ஒரு சாண் மரத்தைப் பார்த்து.

மண்ணுக்குள் ஆழத்தில் காற்று குறைவு. அடிமுனை எளிதில் கெடாது. மேல்பகுதி நனைந்தாலும் காய்ந்துவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. பார்வைக்குத் திடமாக நிற்கும் தூணின் அடியில் புல்லை விலக்கி, இரண்டு அங்குலம் மண்ணைத் தோண்டி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால், மிதிபலகையை மட்டும் மாற்றிவிட்டு வருவது வீண்வேலை. புதுப் பலகையும் பழைய தூணோடு சேர்ந்து சாயும்.

பைன் தூண் என்றால் 100 மி.மீ. சதுரம், 1.8 மீட்டர் நீளம், அதில் 600 மி.மீ. மண்ணுக்குள். மண்ணில் நிற்பதற்கென்று பதனிட்ட 'யூஸ் கிளாஸ் 4' மரமாகக் கேட்டு வாங்கவேண்டும். மருந்து மேல்தோலோடு நின்றுவிடும், நடுமரத்துக்குப் போகாது. அதனால் அறுத்த முனை மேலே இருக்கவேண்டும், மண்ணுக்குள் போகவே கூடாது. அறுத்த இடத்தில் மருந்தைத் தூரிகையால் பூசவேண்டும். குழியில் கான்கிரீட் கொட்டுவது பலர் செய்யும் தவறு. மரம் சுருங்கியதும் சுற்றி இடைவெளி விழுந்து, மழைநீர் கிண்ணத்தில் நிற்பதுபோல் நிற்கும். கல்லும் மண்ணும் 150 மி.மீ. அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு அடுக்கு இடித்து இறுக்குவதே மேல்.

ஓக்கின் வைரம், அதாவது கெட்டியான நடுமரம், மருந்தில்லாமலே பல வருடம் நிற்கும். ஆனால் ஓரத்தில் வெளிறித் தெரியும் வெளிமரம் சீக்கிரம் உளுத்துவிடும். அதைச் சீவி வாங்கவேண்டும். ஓக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் சாதாரண இரும்புத் திருகாணியை அரித்து மரத்தில் கறுப்புக் கோடு இறக்கும், அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போடவேண்டும். எந்த மரமானாலும் மிதிபலகையில் பாசி வழுக்கும். அதற்கு அடிக்கும் கோழிவலையும் தேய்ந்து கம்பி நீட்டிக்கொண்டு செருப்பில் மாட்டும், அடிக்கடி பார்க்கவேண்டும்.

துத்தநாகம் பூசிய இரும்புக் கேட்டில் தரைமட்ட அழுகலே கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை புல் வெட்டி, நட்டுகளை இறுக்கி, கீலுக்கு கிரீஸ் வைத்தால் போதும். கவனம் எல்லாம் நடும் அன்றைக்கு. குழி தோண்டுமுன் கேபிள் கண்டறியும் கருவியால் தரையைப் பார்க்கவேண்டும். கீல் தூணை ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் செங்குத்தாக நிறுத்தவேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கதவு தானாக மூடாமல் போகலாம். கூண்டுக்குள் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று திரும்புவதால் அங்கே சேறு கட்டும். கல் மண்ணோடு கலக்காமல் தடுக்கும் துணிவிரிப்பு போட்டு அதன்மேல் 100 மி.மீ. கல் கொட்டினால் அந்தத் தொல்லை தீரும். ஆட்டுக்குட்டிகள் மேயும் வயலென்றால் அடிக்கம்பிகளில் வலை கட்டவேண்டும். முழங்கால் வலிக்காரருக்கும் நாயோடு வருபவருக்கும் கேட்தான் வசதி. சக்கரநாற்காலிக்கு மட்டும் சாதாரணக் கூண்டு போதாது, பெரிய அளவு தேவை.

1980 ஹைவேஸ் சட்டத்தின் 146-ஆம் பிரிவுப்படி படியைப் பராமரிக்கும் பொறுப்பு நில உரிமையாளருடையது. நியாயமான செலவில் கால் பங்காவது நடைபாதைகளுக்குப் பொறுப்பான சாலை அதிகார அமைப்பிடம் கேட்டு வாங்கலாம். நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் படியை எடுத்துவிட்டு கிஸ்ஸிங் கேட் வைக்கமுடியாது. அவரிடம் பேசும்போது, பராமரிப்பு வேலை குறையும் என்பதையே முதலில் சொல்லுங்கள். இருபுறமும் கால்நடை இல்லையென்றால் எதுவும் வைக்காமல் திறந்த இடைவெளி விட்டுவிடக் கேட்கலாம், அதைவிட நல்லது இல்லை.

கூண்டு நிற்க இடமில்லாத செங்குத்தான கரையில் படிதான் வழி; அங்கே ஓக் போடுவோம். மறுசுழற்சி பிளாஸ்டிக் தூண் அழுகாது, ஆனால் கனம், வெயிலில் கொஞ்சம் வளையும். நீண்டகாலம் பார்க்காததால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.