கண்ணாடி ஃப்யூஸிங் வகுப்பில் சேரப் போகிறீர்களா? என் ஐந்து தட்டுகளின் கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

சின்ன வயசில் உடைந்த வளையல் துண்டுகளை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, வளைத்து, ஒன்றுக்குள் ஒன்று மாட்டிச் சங்கிலி கோத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். விரலைச் சுட்டுக்கொண்டு, அம்மாவிடம் திட்டு வாங்கி, அதைக் கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவோம். எனக்குக் கண்ணாடிப் பைத்தியம் அங்கேதான் ஆரம்பித்தது. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மறு மாசமே, "கண்ணாடி ஃப்யூஸிங், இரண்டு நாள் வொர்க்‌ஷாப், கையோடு ஒரு தட்டு எடுத்துச் செல்லலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு 8,500 ரூபாய் கட்டினேன். ஃப்யூஸிங் என்றால் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, உலையில் உருக்கி ஒன்றாக ஒட்டவைப்பது. இடம் சென்னை. அதற்கு மேல் அடையாளம் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். ஆள் யார் என்பதைவிட என்ன செய்தார்கள் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். நான் 28 வருஷம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவள். கள்ளநோட்டை விரலால் தடவியே சொல்வேன். அப்படிப்பட்டவளை ஒரு பையன் ஜன்னல் கண்ணாடியைக் கொடுத்து ஏமாற்றினான்.

வகுப்பு நன்றாகத்தான் போனது. கண்ணாடியை எப்படிக் கீறுவது, கீறலுக்கு அடியில் இடுக்கியை வைத்து எப்படி ஒரே அழுத்தில் பிளப்பது எல்லாம் சொல்லித் தந்தார்கள். தெளிந்த கண்ணாடி ஒரு அடுக்கு, அதன் மேல் வண்ணத் துண்டுகளை இதழ் இதழாக அடுக்கிப் பசை வைத்தேன். சனிக்கிழமை ராத்திரி கில்னுக்குள், அதாவது கண்ணாடி உருக்கும் உலைக்குள் போனது, ஞாயிறு காலையில் ஒரே பலகையாக உருகி ஒட்டி வந்தது. அதை அச்சின் மேல் வைத்து இன்னொரு சூடு கொடுத்துக் குழித்து, சாயங்காலம் ஐந்து மணிக்குச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். தாளைத் தாண்டிச் சூடு உறைத்தது. "இப்பதான் அடுப்புல இருந்து எடுத்த இட்லி மாதிரி இருக்கு" என்று நானே ஜோக் அடித்தேன். அங்கேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும்.

ஆசை பிடித்துக்கொண்டது. அவர்களிடமே 6,200 ரூபாய்க்கு "ஸ்டார்ட்டர் கிட்" வாங்கினேன். தெளிந்த கண்ணாடி நான்கு பலகை, வண்ணத்தில் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் "96" என்று வட்டமாக ஒரு ஸ்டிக்கர். "அமெரிக்காவுல ஸ்பெக்ட்ரம் கம்பெனி சரக்கு மேடம், போன மாசம்தான் கன்டெய்னர்ல வந்துச்சு." கூடவே "டைக்ராயிக்" என்று, பார்க்கும் விதத்துக்கேற்ப நிறம் மாறும் கண்ணாடியில் இரண்டு சின்னச் சதுரம், 1,800 ரூபாய். கில்ன் வாடகை ஒரு முறைக்கு 1,200. இரண்டு மாசத்தில் இன்னும் நான்கு தட்டு செய்தேன். ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு மீதியை உறவுக்காரர்களுக்குக் கொடுத்தேன். ஒன்று அண்ணன் மகள் வளைகாப்புக்குப் போனது. அதில் பாயசக் கிண்ணங்களை வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

வீட்டில் இருந்த தட்டு மூன்றாவது வாரம் உடைந்தது. ராத்திரி இரண்டு மணி, ஷோகேஸ் பூட்டி இருந்தது. யாரும் தொடவில்லை. "டிக்" என்று, சுவர்க் கடிகாரம் நின்று போகிற மாதிரி ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது, ஆனால் சிவப்பு இதழைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு. கையில் எடுத்ததும் இதழ் தனியாக வந்துவிட்டது. அடுத்த வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, தட்டு தானா ரெண்டாப் போச்சு, உள்ள ஒண்ணும் சூடா வெக்கலை."

சம்பந்தப்பட்டவரிடம் கேட்டேன். "கண்ணாடின்னா உடையத்தான் செய்யும் ஆன்ட்டி" என்றார். காசு வாங்கும்போது மேடம், கேள்வி கேட்கும்போது ஆன்ட்டி.

அதற்குப் பிறகு ஒரு மாசம் உட்கார்ந்து படித்தேன். வங்கியில் டிபார்ட்மென்ட் பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. என்ன நடந்தது என்று இப்போது எனக்குத் தெரியும்.

அந்த "96" என்ன தெரியுமா? கண்ணாடி சூட்டில் எவ்வளவு விரிகிறது என்பதற்கான அளவு. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நீளத்தில் ஒரு கோடியில் 96 பங்கு விரியும் என்று அர்த்தம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றோடொன்று உருக்கி ஒட்டிய இரண்டு கண்ணாடியில் ஒன்று 96, இன்னொன்று 85 என்றால், ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கப் பார்க்கும், மற்றது விடாது. இழுபறி உள்ளே அப்படியே உறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் ஏ.சி. காற்று பட்டாலோ வெயில் விழுந்தாலோ, எதுவுமே இல்லாமலோ கூட விரிசல் விட்டுவிடும். ஜன்னல் கண்ணாடியின் அளவு சுமாராக 85 பக்கம். கலைக் கண்ணாடியில் 90 என்றும் 96 என்றும் இரண்டு குடும்பம் பிரபலம். இரண்டையும் கலக்கக் கூடாது. ஒரே எண் போட்டிருந்தால் மட்டும் போதாது என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். உருகும்போது எவ்வளவு குழகுழவென்று இருக்கிறது என்பதும் ஒத்துப்போக வேண்டுமாம்.

என் தெளிந்த கண்ணாடி என்ன என்று கண்டுபிடித்தது நானில்லை. பாரிமுனைப் பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். மிச்சமிருந்த பலகையை எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் ஸ்டிக்கரைப் பார்க்கவே இல்லை. பலகையைப் பக்கவாட்டில் திருப்பி ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "பச்சை தெரியுதாம்மா? இது நம்ம சாதா ஃப்ளோட்டு. 4 எம்எம். நம்ம கடையிலயே கிடைக்கும், சதுர அடிக் கணக்குல." ஃப்ளோட் என்றால் சாதாரண ஜன்னல் கண்ணாடிதான். இரும்புச் சத்தால் வரும் பச்சை அது. பிறகு உள்ளே போய் ஒரு சின்ன விளக்கைக் கொண்டு வந்தார். ஃப்ளோட் கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத்தான் செய்கிறார்கள். பில்கிங்டன் கம்பெனி 1959-இல் உலகத்துக்குச் சொன்ன முறை. அந்த வெள்ளீயம் பட்ட பக்கம் குறுகிய அலை புற ஊதா வெளிச்சத்தில் பால் போல மங்கலாக ஒளிரும். என் "அமெரிக்கக் கண்ணாடி" ஒரு பக்கம் மட்டும் ஒளிர்ந்தது. கவனிக்க, கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கு இதற்கு உதவாது. அது வேறு அலைநீளம். நானும் பழைய பழக்கத்தில் அதைத்தான் முதலில் தேடினேன்.

இன்னொன்று. ஸ்பெக்ட்ரம் கம்பெனி 2016-லேயே மூடிவிட்டது. அதன் வண்ணங்களை ஓஷன்சைட் என்ற கம்பெனி வாங்கிக்கொண்டது. போன மாசம் கன்டெய்னரில் வந்ததாம்!

டைக்ராயிக் கதை தனி. உண்மையான டைக்ராயிக் கண்ணாடி என்பது வெற்றிட அறையில் உலோக ஆக்சைடுகளை ஆவியாக்கி, மிக மெல்லிய பல அடுக்குகளாகக் கண்ணாடி மேல் படியவைத்தது. ஒரு பக்கம் பார்த்தால் ஒரு நிறம், ஊடுருவிப் பார்த்தால் வேறு நிறம். கில்ன் சூட்டையும் தாங்கும். எனக்குக் கொடுத்தது கண்ணாடி மேல் ஒட்டிய மினுமினுப்பு ஃபிலிம். பிறந்தநாள் பரிசுப் பொட்டலத்தில் சுற்றுவார்களே, அந்த வகை. கில்னில் இருந்து சாம்பல் பூத்த கறையாக வந்தது. "ஹீட் அதிகமா வெச்சிருப்பீங்க" என்றார். கில்னை ஓட்டியதே அவர்தான்! வாங்குவதற்கு முன் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோலாக உரிந்து வந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கண்ணாடி தப்பு என்பது பாதிதான். மீதிப் பாதி சூட்டில் நடந்தது, இதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். உருக்கிய கண்ணாடியை ஒரு குறிப்பிட்ட சூட்டில் நிறுத்திவைத்து, பிறகு மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அனீலிங் என்று பெயர். வடித்த சோற்றைத் தம்மில் விடுகிற மாதிரி, அவசரப்படுத்த முடியாது. புல்ஸ்ஐ என்ற அமெரிக்கக் கம்பெனி தன் கண்ணாடிக்கு அட்டவணையே போட்டிருக்கிறது: 6 எம்எம் தடிமனுக்கு 482 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தி, அங்கிருந்து மணிக்கு 80 டிகிரி சொச்சம் என்று இறக்க வேண்டும். தடிமன் இரட்டித்தால் நிறுத்தும் நேரமும் இரட்டிக்கும். நல்ல வகுப்பு என்றால் "நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்பார்கள். இவர்கள் ஒரே நாளில் இரண்டு பேட்ச் ஓட்டினார்கள்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் செல்ஃபியில் இருக்கிறது. கில்ன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டு நான் எடுத்த படம், நேரம் மதியம் 2:40. பின்னால் கில்ன் மூடியை ஒரு செங்கல் துண்டு வைத்து நிமிர்த்தியிருக்கிறார்கள். டிஸ்ப்ளேயில் 463 டிகிரி. மெல்ல ஆறவிட வேண்டிய சூட்டிலேயே மூடியைத் திறந்துவிட்டார்கள். அன்று ஐந்து மணிக்குத் தட்டு என் கையில். இந்தப் படத்தை நானே ஃபேமிலி குரூப்பில் போட்டு இருபது லைக் வாங்கினேன்.

உடைந்த தட்டே சாட்சி சொல்லும், பார்க்கத் தெரிந்தால். வண்ணத் துண்டின் விளிம்பை ஒட்டியே விரிசல் ஓடினால் பொருத்தமில்லாத கண்ணாடி. இதழ், இலை எதையும் மதிக்காமல் ஆறு போல வளைந்து குறுக்கே ஓடினால் அனீலிங் சரியில்லை. உடைந்த ஓரம் உருண்டு மழுங்கி இருந்தால் சூடு ஏறும்போதே உடைந்தது, கத்தி மாதிரி இருந்தால் ஆறும்போதோ பிறகோ உடைந்தது. என் வீட்டுத் தட்டு முதல் ரகம், வளைகாப்புத் தட்டு இரண்டாவது ரகம். இரண்டும் கத்தி.

உடையாத தட்டையும் பரிசோதிக்கலாம், காசு செலவில்லை. பழைய எல்.சி.டி. லேப்டாப் திரையை முழு வெள்ளையாக வையுங்கள். போலராய்டு கூலிங்கிளாஸ் ஒன்றை எடுத்துத் திரைக்கு எதிரே பிடித்துச் சுற்றுங்கள். ஒரு நிலையில் திரை கருப்பாகிவிடும். அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் தட்டைப் பிடியுங்கள். நல்ல தட்டாக இருந்தால் கருப்பு கருப்பாகவே இருக்கும். உள்ளே இழுபறி இருந்தால் வண்ணத் துண்டைச் சுற்றி வெள்ளையாக ஒளி கசியும், முக்கியமாக மூலைகளில். என் மூன்றாவது தட்டை இப்படிப் பார்த்தபோது ஒவ்வொரு இதழுக்கும் ஒரு ஒளிவட்டம். சாமி படத்தில்கூட அவ்வளவு இருக்காது. கிட் வாங்கும்போது அந்தத் தெளிந்த கண்ணாடி மேல் ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு சிறு துண்டு வைத்து, முழு அனீலிங் கொடுத்து உருக்கித் தரச்சொல்லி, இதே மாதிரி பாருங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

அதே இடத்தில் ஸ்டெயின்டு கிளாஸ் வகுப்பும் நடக்கிறது, வண்ணக் கண்ணாடித் துண்டுகளை உலோகத்தால் பற்றவைத்து இணைக்கிற வேலை. பற்றவைக்கும் ஈயம் கலந்த சால்டரை ஜன்னல் மூடிய ஏ.சி. அறையில் உருக்கிக்கொண்டிருந்தார்கள், அதே மேஜையில் டீயும் பிஸ்கட்டும். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில சிவப்பு, மஞ்சள் கண்ணாடிகளில் காட்மியம் இருக்கும், ஆகவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத கண்ணாடியில் செய்த தட்டில் சாப்பாடு வைக்காதீர்கள். இந்த வரியை நான் பாயசப் போட்டோவைப் பார்த்த பிறகு கற்றுக்கொண்டேன்.

பணம்? பில் கேட்காதது என் தப்பு. யு.பி.ஐ. ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் கையில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு டைக்ராயிக் காசு 1,800 மட்டும் திரும்பி வந்தது, "வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல நீங்க போட்ட மெசேஜை எடுத்துடுங்க" என்ற வேண்டுகோளுடன். எடுக்கவில்லை. என்னைத்தான் குரூப்பில் இருந்து எடுத்தார்கள். கட்டணம், கிட், வாடகை எல்லாம் போனது போனதுதான்.

கண்ணாடியை விட்டுவிடவில்லை. இப்போது சூடு வேண்டாத தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் கற்றுக்கொள்கிறேன். பின்பக்கமிருந்து தலைகீழாக வரைய வேண்டும், கண்ணும் மூக்கும் முதலில், பின்னணி கடைசியில். பாயிடமே கண்ணாடி வாங்குகிறேன், ஃப்ளோட் என்று தெரிந்தே.

ஐந்து தட்டில் இரண்டு தானாக உடைந்தன. இரண்டை நானே துணியில் சுற்றி உடைத்துக் குப்பையில் போட்டேன். ஐந்தாவது மதுரையில் அக்கா வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது. வாரம் ஒரு முறை போன் போட்டுத் தூக்கிப்போடச் சொல்கிறேன். "நல்லாத்தானேடி இருக்கு, எனக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறியா?" என்கிறாள். பேரன் அந்த டி.வி.க்குக் கீழேதான் விளையாடுவான். பொங்கலுக்குப் போகும்போது லேப்டாப்பையும் கூலிங்கிளாஸையும் எடுத்துப்போகிறேன்.