ஐஸ் அண்ட் ஃபயர் அஞ்சு புக் செட் விலை குறைஞ்சிருக்காம், வாங்கலாமானு கேக்குறவங்களுக்கு

பாக்ஸ் செட் ஆஃபர்ல போகுது போல, ரெண்டு மூணு பேர் லிங்க் அனுப்பி "நீங்கதான் ரொம்ப வருஷமா வச்சிருக்கீங்களே, எப்படி இருக்கு"னு கேட்டுட்டாங்க. இதை எழுதின ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் யாரு, ஸ்டார்க் குடும்பத்துக்கும் லானிஸ்டருக்கும் என்ன பகைனுல்லாம் இங்க சொல்லப் போறதில்ல, இதை வச்சு எடுத்த கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவி சீரிஸ் பாக்காத ஆளே இல்ல. ஸ்பாய்லர் வரும், பின்னாடி திட்டக் கூடாது.

ஆறாவது புக் வரலங்குறது ஊருக்கே தெரிஞ்ச விஷயம், அதை விட்டுடுவோம். என்னோட எரிச்சல் நாலாவது புக்கோட கடைசில இருக்குற ஒரு சின்ன குறிப்பு. 2005ல வந்த ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ், கதை முடிஞ்சதும் மனுஷன் வாசகருக்கு நேரடியா எழுதறார், புக் ரொம்ப பெருசாப் போயிடுச்சு, அதனால பாதிப் பேரோட கதையை மட்டும் இதுல முழுசா சொல்லிட்டேன், டிரியன், ஜான், டேனி எல்லாம் அடுத்த புக்ல வருவாங்க, அது அடுத்த வருஷமே வந்துடும்னு மனசார நம்புறேன்னு. அந்த "அடுத்த வருஷம்" வந்தது 2011 ஜூலைல. சரி, லேட்டானாலும் வந்துச்சுல்ல, விடு. ஆனா அந்தக் குறிப்பு என் காப்பில அப்படியே இருக்கு, ஒவ்வொரு தடவை திரும்பப் படிக்கும்போதும் அந்தப் பக்கம் வந்தா எனக்கு பிபி ஏறுது, ஏன்னா அதுல இருக்குற நம்பிக்கை நிஜமான நம்பிக்கை, ஏமாத்தணும்னு எழுதினது இல்ல, அதான் இன்னும் கடுப்பு. ஏமாத்துக்காரனா இருந்தா திட்டிட்டுப் போயிடலாம்.

அஞ்சாவது இன்னும் மோசம். டான்ஸ் வித் டிராகன்ஸ் ஆயிரம் பக்கத்துக்கு ரெண்டு போருக்கு ரெடி பண்ணுது, வடக்க வின்டர்ஃபெல் கோட்டை பக்கத்துல ஸ்டானிஸ்ங்குற ராஜாவோட படை பனில சிக்கி குதிரையை அடிச்சு சாப்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கு, அந்தப் பக்கம் டேனி இருக்குற மெரீன் நகரத்தைச் சுத்தி முற்றுகை, ரெண்டும் வெடிக்கப் போற நேரத்துல புக் முடிஞ்சிருச்சு. இடம் பத்தலனு ரெண்டு சண்டையையும் ஆறாவதுக்குத் தள்ளிட்டாங்க. ஜான் ஸ்நோ கத்திக்குத்து வாங்கி விழுந்தது 2011ல, டிவில 2016லயே எந்திரிச்சு, சண்டை போட்டு, 2019ல கதையும் முடிஞ்சு போச்சு, புக்ல மட்டும் இன்னும் பனிலதான் கிடக்கான்.

ஏன் மாட்டிக்கிட்டார்ங்குறதும் ஓரளவு தெரிஞ்சதுதான். ஆரம்பத்துல இது மூணு புக்கா முடிய வேண்டிய கதை. மூணாவதுக்கு அப்புறம் கதைக்குள்ள அஞ்சு வருஷம் தாண்டிக் குதிச்சு, பசங்க எல்லாம் வளர்ந்த பிறகு தொடங்கலாம்னு பிளான். எழுதிப் பாத்தா பாதிப் பேருக்கு அது செட் ஆகல, எல்லாத்தையும் ஃப்ளாஷ்பேக்ல சொல்ல வேண்டியதாப் போச்சு, தூக்கிப் போட்டுட்டார். அப்புறம் மெரீனுக்கு யார் எப்ப வந்து சேரணும், எந்த வரிசைல சேரணும்ங்குற சிக்கல், அதுக்கே மெரீன் முடிச்சுனு பேர் வச்சார். நான் பிளான் போட்டுக் கட்டுற ஆளு இல்ல, விதை போட்டுட்டு என்ன முளைக்குதுனு பாக்குற தோட்டக்காரன்னு அவரே சொல்லிக்குவார். இன்டர்நெட் இல்லாத டாஸ் கம்ப்யூட்டர்ல வேர்ட்ஸ்டார் 4.0ங்குற பழங்காலத்து சாஃப்ட்வேர்ல உக்காந்து எழுதுற மனுஷன், வேடிக்கை பாத்து நேரம் போகுதுனு சொல்லவும் முடியாது.

நியாயமாவும் பேசணும். புக்கை வாங்கினா அந்தப் புக்குக்குத்தான் காசு, அடுத்ததுக்கு அவர் உனக்கு வேலைக்காரன் கிடையாதுனு 2009லயே இன்னொரு எழுத்தாளர் நீல் கெய்மன் ஒரு வாசகருக்கு பதில் எழுதினார், இன்னிக்கும் யாராவது புலம்பினா அதைத்தான் தூக்கிட்டு வருவாங்க. பாதி ஒத்துக்குறேன். ஆனா அட்டையில பாகம் ஒண்ணுனு போட்டு விக்குறது, இன்டர்வெல்லுக்கு அப்புறமும் படம் இருக்குனு சொல்லி டிக்கெட் கிழிக்கிற மாதிரிதானே? அக்ரிமென்ட் இல்லதான். தேதி கொடுத்ததும் நாம இல்ல, அவர்தான். 2016 ஜனவரி 2ஆம் தேதி, கொடுத்த கெடு எல்லாம் தாண்டிப் போச்சு, புக் முடியலனு வெளிப்படையா எழுதினார், அதைப் படிச்சப்ப நிஜமாவே பாவமா இருந்துச்சு. 2019ல, அடுத்த வருஷம் நியூசிலாந்துல நடக்குற வேர்ல்ட்கான்ங்குற சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர் விழாவுக்கு வரும்போது கைல புக் இல்லனா ஒயிட் ஐலண்ட் தீவுல என்னை அடைச்சு வைங்கனு ஜோக் அடிச்சார். அந்த டிசம்பர்லயே அங்க எரிமலை வெடிச்சு ஆளுங்க செத்துப் போனாங்க, கொரோனால அந்த விழாவும் ஆன்லைனுக்குப் போயிடுச்சு. அந்த ஜோக்கைப் பிடிச்சு இன்னும் கலாய்க்கிறவங்களைப் பாத்தா எனக்கு அவர் பக்கம் சாயத் தோணும். அவர் செத்துட்டா யார் முடிப்பானு கேக்குற கூட்டம் தனி, அதைப் பத்திப் பேசவே பிடிக்கல. ராபர்ட் ஜோர்டன் 2007ல தவறினதும் அவரோட வீல் ஆஃப் டைம் சீரிஸை பிராண்டன் சாண்டர்சன் முடிச்சுக் கொடுத்தது நடந்ததுதான், ஆனா ஜோர்டன் தன் முடிவு தெரிஞ்சு குறிப்பு எல்லாம் விட்டுட்டுப் போனார். பேட்ரிக் ராத்ஃபஸ்னு ஒருத்தர் இருக்கார், அவர் சீரிஸ்ல 2007ல முதல் புக், 2011ல ரெண்டாவது, மூணாவதைக் காணோம். வேணாம், அது வேற வயித்தெரிச்சல்.

இதனால யாருக்கு அடினா புதுசா எழுத வர்றவங்களுக்கு. முடிஞ்ச சீரிஸ்தானானு பாக்காம இப்ப நானே எதையும் தொடறதில்ல, என்னை மாதிரி எல்லாரும் காத்திருந்தா முதல் புக் விக்காது, முதல் புக் விக்கலனா பப்ளிஷர் மூணாவதைப் போட மாட்டான். தெரிஞ்சேதான் பண்றேன்.

இவ்ளோ திட்டிட்டேன்ல, இப்ப இந்தப் புக்ல எனக்குப் பிடிச்ச ஒரு கேக் மேட்டர். கேக்னா பை, இறைச்சி வச்சு சுடுறது. அஞ்சாவது புக்ல ராம்ஸேங்குறவன் கல்யாணத்துக்கு வைமன் மாண்டர்லினு ஒரு குண்டு பிரபு மூணு பெரிய பை கொண்டு வருவார், எல்லாருக்கும் பரிமாறிட்டு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு துண்டுனு தானே ஆறு துண்டு ரசிச்சு சாப்பிடுவார். அவர் மகனை ரெட் வெட்டிங்ல, அதாவது மூணாவது புக்ல வர்ற கல்யாண விருந்துப் படுகொலைல, கொன்ன ஃப்ரே குடும்பத்து ஆளுங்க மூணு பேர், அவர் ஊர்லேருந்து கிளம்பினவங்க, வழியில காணாமப் போயிருப்பாங்க. மூணு பேர், மூணு பை. புக் ஒரு இடத்துலகூட வெளிப்படையா சொல்லாது. சாப்பிட்டு முடிச்சு போதைல பாட்டுக்காரனைக் கூப்பிட்டு ரேட் குக், அதாவது எலிச் சமையக்காரன், பத்தி ஒரு பாட்டு பாடுடானு மட்டும் கேப்பார். அந்தச் சமையக்காரன் கதை 2000ல வந்த மூணாவது புக்ல ஸ்டார்க் வீட்டுப் பையன் பிரான் சொல்றது, ராஜாவுக்கே அவர் பையனை பைல வச்சு பரிமாறினவன், கொலைக்காக இல்ல, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கொன்னதுக்காக சாபம் வாங்கினவன். மாண்டர்லி அதுலயும் உஷார், ஃப்ரேக்கள் கிளம்பும்போது ஆளுக்கொரு குதிரை பரிசு கொடுத்து அனுப்பிட்டார், பரிசு கொடுத்தாச்சுனா விருந்தாளி உறவு அங்கயே முடிஞ்சிடும்ல! முதல் தடவை படிக்கும்போது எனக்கு இது ஒண்ணுமே படல. ரெண்டாவது தடவைதான் புக்கை மூடி வச்சுட்டு ரூம்ல நடந்தேன். இப்படி பதினோரு வருஷ இடைவெளில ரெண்டு புக்கைத் தைக்க வேற யாரால முடியும்னு எனக்குத் தெரியல.

அதனால வாங்கலாமானா, வாங்காதீங்க. அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். மூணோட நிறுத்திக்கலாம்னு சிலர் சொல்வாங்க, மூணாவதோட கடைசி அத்தியாயத்துல செத்துப் போன ஒரு அம்மா எந்திரிச்சு வந்து நிப்பா, அதைப் பாத்துட்டு நிறுத்துறவன் மனுஷனே இல்ல. இரவல் குடுங்கனும் கேக்காதீங்க, மூணாவது புக் ரெட் வெட்டிங் பக்கத்துல ரெண்டா பொளந்து போய் இப்பத்தான் பைண்டிங் கடைலேருந்து வந்திருக்கு, கடைக்காரர் ஓரத்தை வெட்டினதுல மார்ஜினே இல்ல, இருந்தாலும் பிரான் சொல்ற அந்தக் கதை முழுசா இருக்கு, பாத்துட்டேன்.