நிக்கல்சன் கால்வாய்ச் சாக்கடை: ஆற்று முகத்தில் மறிப்பதா, வீட்டிலேயே பிடிப்பதா?

பாலாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் தண்ணீர் ஓடாது. நிக்கல்சன் கால்வாய் கொண்டுவந்து விடும் வேலூர்ச் சாக்கடையோடு கலந்து அதை நீர்க்கச் செய்ய ஆற்றில் எதுவும் இல்லை. வந்தது வந்தபடி மணலில் இறங்கி ஊற்றுக் கிணறுகளைத்தான் தேடிப் போகும். எந்தத் திட்டத்தையும் இதை வைத்தே எடைபோட வேண்டும்.

சீக்கிரம் பலன் தருவது, கால்வாய் ஆற்றைத் தொடும் முன்பே மறித்து, பம்பு வைத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றுவது. தாழ்வான தடுப்புச்சுவர், கம்பிச் சல்லடை, மண் படியும் தொட்டி, சேகரிப்புக் கிணறு, ஓட ஒரு பம்பு, மாற்றுக்கு ஒன்று, ஜெனரேட்டர். இதைக் கெடுப்பது பெரும்பாலும் பம்பு அல்ல, சல்லடைதான். பாலித்தீன் பையும் கந்தலும் அடைத்துக்கொண்டால் நீர் சுவரேறி ஆற்றுக்கே போய்விடும். தினமும் வாரியாக வேண்டும்; அந்த ஆள்கூலி டெண்டரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐப்பசி மழையில் எப்படியும் வழியும். தெருவுக்குள் தேங்கும் சாக்கடைக்கும் இதில் மருந்தில்லை.

வீட்டு இணைப்பு மெதுவான வேலை, ஆனால் நிலைக்கும். ஆளுக்கு 135 லிட்டர் குடிநீர் கொடுத்தால் சுமார் 108 லிட்டர் சாக்கடையாகத் திரும்பும். 1,000 பேருக்கு ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். தெருவில் பாதாளச் சாக்கடை போட்டும் பாதி வீடு இணையாவிட்டால் குழாயே கெடும். கசடு படியாமல் அடித்துப்போக நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும். நீர் குறைந்தால் அது வராது, மேன்ஹோல் அடைக்கும். ஜனங்கள் தயங்குவதற்கு டெபாசிட் மட்டும் காரணமல்ல. பழைய வீடுகளில் செப்டிக் டேங்க் கொல்லையில், மேன்ஹோல் வாசலில். நடுவீட்டுத் தரையை உடைத்து, 110 மி.மீ. குழாயை 40 அடிக்கு 1 அடி இறக்கமாகக் கொண்டுவர வேண்டும். அந்தத் தரையை மறுபடி போடும் செலவையும் திட்டத்திலேயே சேர்த்தால் இணைப்பு கூடும். மொட்டைமாடி மழைக்குழாயை அதில் சொருகவிடக் கூடாது; சொருகினால் முதல் பெருமழையிலேயே மேன்ஹோல் பொங்கும்.

மூன்றாவது வழி நாணல் படுகை: நாணல் நட்ட சரளைப் படுகை வழியே சாக்கடையை விட்டுச் சுத்தம் செய்வது. இதற்குக் கரண்ட் செலவு குறைவு, இடம்தான் விழுங்கும்: ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர். 1,000 பேருக்கு 25 முதல் 50 சென்ட். ஏரியோர மனைப்பிரிவுக்குச் சரி, நகரத்துக்கு ஆகாது.

பணம் ஒன்றுக்குத்தான் என்றால் வீட்டு இணைப்புக்கே போகட்டும். மறிப்பை இடைக்கால ஏற்பாடாக மட்டும் வைக்கலாம்.

மூன்றுமே உப்பைத் தொடாது. மேலே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் ஷாப்புகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவில் கரைந்த உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது. அனுமதி லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். ஆர்.ஓ. போட்டுப் பிரித்தாலும், மீந்த உப்புநீரைக் காய்ச்சி வற்றவைத்து, கடைசியில் கழிவு உப்பு மூட்டையாக ஷெட்டில் குவியும். கெடாமலிருக்க உப்பிட்டு வரும் பச்சைத் தோலை ஊறப்போடும் முன்பே உப்பை உதறி எடுத்துவிடுவது இதைவிட மலிவு. அதற்குத் தேவை ஓர் உதறும் மேடையும், உதறியதை மழையில் நனையாமல் வைக்கக் கூரையும்.