பிளேயர் பியானோ: பழையதைச் சரிசெய்வதா, புதியது வாங்குவதா?

நாகர்கோவில் பக்கம் பழைய பங்களாவில் ஒரு பிளேயர் பியானோ, அதாவது துளையிட்ட தாள் ரோலைப் போட்டு மிதித்தால் தானே வாசிக்கும் பியானோ, விலைக்கு வந்தால், பலரும் முதலில் பார்ப்பது அது தானாக வாசிக்கிறதா என்றுதான். மிதியை மிதித்தால் புஸ்ஸென்று காற்றுப் போகும், ஒரு கட்டையும் அசையாது. "இது தேறாது" என்று திரும்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால், அதை வைத்து மட்டும் தள்ளிவிடக் கூடாது.

தானே வாசிக்கும் பகுதி முழுக்கக் காற்றில் ஓடுவது. மிதிக்கும்போது பெரிய துருத்தி காற்றை உறிஞ்சுகிறது. தாள் ரோலில் துளை வரும் இடத்தில் வெளிக்காற்று புகுந்து வால்வைத் திறக்க, அந்தச் சுரத்துக்குரிய சின்னத் துருத்தி சுருங்கி சுத்தியலை இயக்குகிறது. அப்படி 88 சின்னத் துருத்திகள். ரப்பர் பூசிய துணியும் குழாய்களும் வருஷக்கணக்கில் விறைத்து வெடிப்பது இயல்புதான், மாற்றிவிடலாம். ஆர்மோனியம் துருத்தி கட்டுபவருக்குப் பெரிய துருத்தி பிடிபடும். சின்னதுக்கு மட்டும் மெல்லிய தனித்துணி வேண்டும், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும். ஒட்டுவதற்கு வச்சிரம் என்கிற தோல் பசைதான், ஃபெவிகால் கூடவே கூடாது. வச்சிரம் சூட்டில் இளகிவிடும். மற்றது அடுத்த முறை பிரிக்கையில் மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

பயப்பட வேண்டியது காற்றுப் பகுதியைத் தவிர்த்த பியானோவைப் பற்றித்தான். 200க்கும் மேற்பட்ட கம்பிகளின் இழுவிசை பல டன். கம்பிகளைச் சுற்றி முறுக்கும் சுருதி முளைகள் இறங்கியிருக்கும் பலகை தளர்ந்திருந்தால், இன்று சுருதி சேர்த்தது நாளை நிற்காது. ட்யூனிங் சாவியைப் போட்டு மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். முளை இறுக்கமில்லாமல் வழுக்கினால் வேண்டாம். இரும்புச் சட்டத்தில் விரிசல் இருந்தாலும் வேண்டாம். கறையான் இருக்கிறதா என்று அடிப்பலகையையும் தட்டிப் பாருங்கள். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் நின்றதென்றால் கம்பித் துருவை இன்னும் கவனிக்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, மரம் ஓயாமல் ஈரம் குடித்துக் காயும்.

ரோலையும் பாருங்கள். 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கூடிய தயாரிப்பாளர்கள் 88 சுர ரோலைப் பொது அளவாக ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முந்தைய 65 சுரக் கருவிக்கு ரோல் தேடுவது பெரும்பாடு.

புதியதில், யமஹாவின் டிஸ்க்ளேவியர் போன்றவற்றில், மின்காந்தங்கள் கட்டையை இயக்குகின்றன. நீங்கள் வாசித்ததையே பதிந்து திரும்ப வாசிக்கும். கோயிலில் பாடும் கீர்த்தனையை வீட்டிலேயே வாசித்துப் பதிந்து கேட்கலாம். பழைய ரோல்களில் பெரும்பாலும் அந்தக் கால மேற்கத்திய இசைதான். ஆனால் புதியதற்குப் பல லட்சம் ஆகும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் அவசியம். எலெக்ட்ரானிக் போர்டு போனால் உள்ளூரில் சரிசெய்ய ஆள் கிடைப்பது கஷ்டம்.

முளைப்பலகையும் இரும்புச் சட்டமும் உறுதியாக இருந்தால் நான் பழையதைத்தான் எடுப்பேன். சத்தத்தின் ஏற்ற இறக்கம் மிதிக்கிற காலில் இருக்கிறது, அந்தச் சுகம் புதியதில் இல்லை. பலகை தளர்ந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.