பழைய டாடா 1210-க்குப் புது ஃபீடு பம்ப்: மாட்டி ஓட்டிய அனுபவம்

திருப்பூர்ப் பக்கம் தண்ணீர் லாரியாக ஓடும் எங்கள் டாடா 1210 எஸ்இ வண்டிக்கு ஃபீடு பம்ப் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. 697 எஞ்சின், ஆறு சிலிண்டர், 5,675 சிசி. சென்சாரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் மைக்கோ பம்ப்புக்குத் தள்ளுவது இந்தக் கையளவு இரும்புதான். (மைக்கோ கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. கடைக்குப் போனால் இன்னும் ‘மைக்கோ’தான்.)

மாற்றுவதற்கு முன்னால் இரண்டு தொல்லை இருந்தது. இரவு நிறுத்திய வண்டி காலையில் செல்ஃப் அடித்தால் லேசில் பிடிக்காது. ஃபீடு பம்ப்பிலுள்ள பிரைமரை (கையால் குத்தி டீசல் ஏற்றும் குமிழ்) பத்துப் பதினைந்து தடவை குத்த வேண்டும். ஃபுல் லோடோடு மேம்பாலம் ஏறும்போது பாதியில் இழுவை செத்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்டு மிதித்தால் மறுபடி வரும். டீசல் பம்ப் சர்வீஸ் செய்பவரிடம் சொன்னதும், “பம்ப்பை அப்புறம் கழட்டிக்கலாம், மொதல்ல டேங்க் பைப்பைப் பாருங்ணா” என்றார். சரியான யோசனை. ஃபீடு பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் பைப்பில் ஊசித்துளை இருந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது, உள்ளே காற்றுதான் போகும். பார்ப்பவர்களுக்கு எல்லாமே பம்ப் கோளாறாகத் தெரியும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. டேங்க் பைப்பைக் கழற்றிவிட்டு, சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றை அதிலிருந்து நேராக ஃபீடு பம்ப்புக்குக் கொடுக்க வேண்டும். கேன், டேங்க் இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும். பானெட்டுக்கு மேலே தூக்கி வைத்தால் டீசல் தானாகவே இறங்கி வந்து, பம்ப்பின் பலவீனம் தெரியாமல் போய்விடும். இப்படி ஓட்டும்போது தொல்லை நின்றால் குற்றவாளி டேங்க், பைப் அல்லது பைப்பை இணைக்கும் யூனியன். எங்கள் வண்டியில் நிற்கவில்லை. கேனிலிருந்து போகும் ஹோஸில் ஒரு குமிழி இல்லை, ஆனாலும் ஃபில்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றிச் செல்ஃப் அடித்தால் டீசல் சோம்பலாகத்தான் வந்தது. வால்வுகள் சரியாக உட்காராததால் இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கியிருக்கிறது.

வால்வு, ஸ்பிரிங், வாஷர் அடங்கிய ரிப்பேர் கிட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் டீசலைத் தள்ளும் சின்ன பிஸ்டனான பிளஞ்சரும் அது ஓடும் துளையும் தேய்ந்திருந்தால் கிட் போட்டுப் புண்ணியமில்லை. எங்கள் பம்ப்பில் பிளஞ்சரைச் சுற்றிக் கோடு கோடாகத் தேய்ந்திருந்தது, அதனால் முழு அசெம்பிளியே வாங்கிவிட்டோம். பாதி டேங்க் டீசல் காசுகூட ஆகவில்லை.

மாட்டுவது மூன்று நட் வேலைதான். மைக்கோ பம்ப்பின் பக்கவாட்டில் உட்காரும் இதை, அந்தப் பம்ப்பின் கேம்ஷாஃப்ட்டே (கேம் என்ற மேடுள்ள சுழல்தண்டு) இயக்குகிறது. கேமின் மேடு ரோலரை அழுத்திக்கொண்டு இருக்கும் நிலையில் மாட்டினால் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நட்டை ஒரு பக்கமாக இறுக்கி ஃபிளாஞ்சை உடைத்தவர்களும் உண்டு. எஞ்சினைக் கையால் கொஞ்சம் சுற்றி மேட்டை விலக்கிவிட்டால் பம்ப் அலுங்காமல் உட்காரும். கேஸ்கெட் பழைய தடிமனிலேயே இருக்கட்டும். தடியாகப் போட்டால் பம்ப் வெளியே தள்ளி நிற்கும், ஸ்ட்ரோக் குறையும். காப்பர் வாஷர்கள் புதிதாகத்தான் போட வேண்டும். கிடைக்காவிட்டால் பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மெத்தென்று ஆகிவிடும். டெஃப்லான் டேப் மட்டும் சுற்றாதீர்கள். அதன் துணுக்கு ஒன்று வால்வில் மாட்டினால் புதுப் பம்ப்பும் பழையது போலவே நடந்துகொள்ளும்.

ஏர் எடுப்பது (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது) வழக்கம்போல: முதலில் ஃபில்டர் மேலுள்ள பிளீடிங் ஸ்க்ரூ, அப்புறம் மைக்கோ பம்ப்பில் உள்ளது. குமிழியில்லாமல் டீசல் வரும்வரை பிரைமரைக் குத்தி, பிறகு பிரைமர் குமிழைக் கீழே அழுத்தித் திருகி மூட வேண்டும். திறந்தே விட்டால் அதன் வழியாகவே கசியும்.

இந்தப் பம்ப்பின் அமைப்பு எனக்குப் பிடித்துப்போன விஷயம். கேம் செய்வது ஸ்பிரிங்கை அழுத்துவது மட்டும்தான். டீசலை ஃபில்டருக்குத் தள்ளுவது ஸ்பிரிங். முன்னால் பிரஷர் ஏறிவிட்டால் ஸ்பிரிங்கால் பிளஞ்சரை முழுக்கத் தள்ள முடியாது, பாதி வழியிலேயே நின்றுவிடும். எஞ்சினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போகும். பட்டறையில் ஒருவர் இதைத் தூக்கிவிட்டு எலக்ட்ரிக் பம்ப் வைக்கச் சொன்னார். ரிலே, ஃபியூஸ், வயர் என்று மூன்று புதுக் கோளாறுகளை எதற்குக் கூட்டிவர வேண்டும்? இந்தக் காலத்து எஞ்சின் வேறு கதை, பழைய 697-க்கு இதுவே போதும்.

இத்தனை நாள் ஓட்டியதில் காலை ஸ்டார்ட்டிங் பற்றி யோசிக்கவே இல்லை. வண்டியை நாலு நாள் நிறுத்தி வைத்தாலும் முதல் செல்ஃபிலேயே பிடிக்கிறது. மேம்பாலத்தில் இழுவையும் விடுவதில்லை. மைலேஜ் ஏறும் என்று கடைக்காரர் சொன்னார், ஒரு சொட்டு ஏறவில்லை; ஏற வேண்டிய காரணமும் இல்லை.

எங்களுக்குத் தலைவலி கொடுப்பது பம்ப் அல்ல, அதன் வாயிலுள்ள வலை. தண்ணீர் லாரிக்காரர்கள் அன்றாட வசூலுக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் டீசல் போடுகிறோம். டேங்க் எப்போதும் கால்வாசியில் நிற்கும். காலி இடத்துக் காற்றின் ஈரம் சுவரில் தண்ணீராகக் கோத்து இறங்கும், துருவும் சேரும். மழை மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை அந்த வலைக்குக் கீழேயுள்ள பௌலை (சின்னக் கிண்ணம்) கழற்றிப் பார்த்தால் அடியில் தண்ணீர் தனியாகத் தெரியும். கோடையில் மாதம் ஒருமுறை போதும்.

மாட்டிய முதல் வாரம் யூனியன்களை ஒருமுறை இறுக்கிவிட்டேன், அதிர்வில் லேசாகத் தளர்ந்திருந்தன. மைக்கோ பம்ப்பின் எண்ணெயையும் அவ்வப்போது பார்க்கிறேன். ரோலரின் அசைவைப் பிளஞ்சருக்குக் கொண்டுபோகும் ஃபீடு பம்ப்பின் ஸ்பிண்டில் தேய்ந்தால் டீசல் கேம் பெட்டிக்குள் கசிந்து அந்த எண்ணெயை நீர்க்கச் செய்யும். எங்கள் வண்டியில் பம்ப்புக்குத் தனி எண்ணெய், அதனால் அளவு கூடினாலே தெரிந்துவிடும். எஞ்சின் எண்ணெயே சுற்றிவரும் வண்டி என்றால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்க்க வேண்டும். விட்டால் பேரிங்வரை போகும். இதுவரை எங்களுக்கு அந்த வாசனை வரவில்லை.

தேய்ந்தது பிரைமர் மட்டும். ஒரு வருடத்துக்குள் குமிழைச் சுற்றி ஈரம் கட்டியது. தனியாகவே கிடைக்கிறது, திருகி எடுத்து வேறு மாட்டினோம். இரண்டாவதாக வாங்கியது பிளாஸ்டிக் குமிழ் வைத்தது. அதுவும் இப்போது லேசாகக் கசிகிறது, அடுத்ததை இரும்புக் குமிழாகப் பார்த்து வாங்க வேண்டும்.