வன்னி வீட்டுக்கு 2000 வாற் ஃபேன் ஹீற்றர் சரிவருமா?

வன்னியில் ஹீற்றருக்கு வேலை வருடத்தில் சில வாரங்கள்தான், அதுவும் மார்கழி, தை மாதத்து விடியற்புறத்தில். ஆனால் அந்தக் குளிரை லேசாக எண்ணக்கூடாது. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. பச்சைக் குழந்தையோ படுக்கையில் கிடக்கும் முதியவரோ உள்ள வீட்டில் ஹீற்றர் தேடுவது நியாயமே. மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் இல்லாமலே ஆளைக் கொல்லும்.

கடைகளில் கிடைக்கும் சாதாரண ஃபேன் ஹீற்றரில் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் ஒரு கொயிலும் விசிறியும் இருக்கும். 1000, 2000 வாற் என இரண்டு படி, கூடவே தேமோஸ்ரற் திருகி ஒன்று. சீலிங் அடித்து, யன்னல் சாத்திய பத்தடிக்குப் பத்தடி அறையில் 1000 வாற் படியே போதும். திருகியை முழுக்கத் திருப்பி வையுங்கள். அறை இதமானதும் 'டிக்' என்று ஓயும் வரை மெதுவாகப் பின்னால் திருப்பினால், அதற்குப் பிறகு அது தானே நின்று தானே ஓடும்.

சீலிங் இல்லாத ஓட்டு வீட்டில் கதை வேறு. சூடான காற்று மேலே ஏறி, ஓட்டு இடுக்காலும் சுவர்த் துவாரத்தாலும் வெளியேறிவிடும். 2000 வாற்றில் விட்டாலும் கட்டிலில் கிடப்பவருக்குக் குளிர் போகாது, மீற்றர் மட்டும் ஓடும். 1000 வாற் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிற். இரவுக்கு எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் மாதம் 240 யூனிற். ஹீற்றர் மட்டுமே 180 யூனிற்றைத் தாண்டி, மிகக் கூடிய கட்டணப் படிக்குள் வீட்டை இழுத்துவிடும். இப்படியான வீட்டுக்கு இதை வாங்கவேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. அந்தக் காசுக்கு நல்ல கம்பளிப் போர்வை வாங்கலாம்.

கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் எந்த ஹீற்றரும் வேண்டாம்.

வாங்கினால் முதலில் பார்க்கவேண்டியது வயரிங். 2000 வாற் படி 230 வோல்ற்றில் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். பழைய வட்ட முள் 5 அம்பியர் பொயின்ற் பெரும்பாலும் லைற் வயரிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் இந்தப் படியைப் போட்டால் வயரும் பொயின்ற்றும் சூடேறி உருகும். 1000 வாற் படிகூட 4.3 அம்பியர், அந்தப் பொயின்ற்றுக்கு விளிம்பு வரை வந்துவிடும். 7/0.67 எனும் தடித்த வயரில் (2.5 சதுர மில்லிமீற்றர்) இழுத்த 13 அம்பியர் சதுர முள் பொயின்ற்றில், நேரடியாகச் செருகுங்கள். மல்ரி பிளக் கூடாது. சுருட்டி வைத்த எக்ஸ்ரென்சன் வயர் அதைவிட மோசம். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகும்.

ஓடத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பிளக்கின் உடலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடோ, பழுப்பு நிறக் கறையோ இருந்தால் பொயின்ற்றின் உள்ளே பிடி தளர்ந்திருக்கிறது. வயர் ஆளைக் கூப்பிட்டு மெயினை நிறுத்தித் திருகாணிகளை இறுக்கவேண்டும், கருகியிருந்தால் பொயின்ற்றையே மாற்றவேண்டும்.

அடுத்தது வெளிநாட்டிலிருந்து வரும் ஹீற்றர். பாசத்தோடு கொண்டுவந்து தருவார்கள், லேபலைப் பார்க்காமல் செருகாதீர்கள். கனடாவில் வாங்கியது 120 வோல்ற்றுக்குச் செய்தது. அங்கே 1500 வாற்றாக இருப்பது இங்கே ஏறக்குறைய 24 அம்பியர் இழுத்து 5500 வாற்றாக மாறும். விசிறி மோட்டர் எரிந்து, கொயில் தீப்பற்ற அதிக நேரம் எடுக்காது. அடப்ரர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது. ஜேர்மனி, பிரான்ஸ் சாமானுக்கு வோல்ற் சரி. ஆனால் இரும்பு உடல் கொண்ட எண்ணெய் ரேடியேற்றரை மலிவான அடப்ரரில் செருகினால் பலவேளை எர்த் தொடுவதே இல்லை. உள்ளே ஒரு வயர் உரசினாலும் முழு உடலிலும் கரண்ட் நிற்கும். பிளக்கை வெட்டி, எர்த் வயரோடு 13 அம்பியர் பிளக் போடுவித்த பிறகே பாவியுங்கள்.

வைக்கும் இடத்தில் எங்கள் ஊருக்கென்றே ஒரு ஆபத்து நுளம்புவலை. நைலோன் வலை சூட்டில் உருகி, தீப்பிடித்தால் உள்ளே படுத்திருப்பவர் மேலேயே ஒட்டும். கட்டில், வலை, திரைச்சீலை எல்லாவற்றுக்கும் ஹீற்றரின் முன்பக்கத்திலிருந்து குறைந்தது மூன்றடி இடைவெளி வேண்டும். மாரியில் காயாத உடுப்பை அதன்மேல் போடுவதும் கூடாது. காற்று அடைபட்டால் உள்ளிருக்கும் பாதுகாப்புக் கட்டவுட் நிறுத்தும்தான், ஆனால் மலிவுச் சாமானில் அதை மட்டும் நம்பிப் படுக்க முடியாது. கவிழ்ந்தால் நிற்கும் சுவிச் வேலை செய்கிறதா என்று கடையிலேயே சரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பாயில் படுக்கும் வீட்டில் பிள்ளைகள் உருண்டு வருவார்கள். படுக்க முன் அறையைச் சூடாக்கி, படுக்கும்போது நிறுத்தி, பிளக்கையும் கழற்றுவதே முறை. கரண்ட் போனாலும் உடனே கழற்றுங்கள். ஆள் இல்லாத நேரம் திரும்ப வந்தால் அது தானே ஓடத் தொடங்கும்.

மாசியில் துடைத்து, பையில் இறுகக் கட்டி உயரத்தில் வையுங்கள். எலி வயரைக் கடிக்கும், பல்லி கிறிலுக்குள் புகும், செம்மண் தூசி கொயிலில் படியும். அடுத்த மாரிக்கு எடுக்கும்போது வயரை முழுக்கப் பார்த்து, திண்ணையில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் தூசி மணம் போன பிறகே உள்ளே கொண்டுபோங்கள். போட்டவுடன் ட்ரிப் சுவிச் விழுந்தால் ஈரத்தாலோ வயர்ப் பழுதாலோ கரண்ட் கசிகிறது. கழற்றி, திருத்துபவரிடம் கொடுங்கள். ட்ரிப் சுவிச்சை விலக்கி நேரடியாக வயர் கொடுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.